மண்டைக்குள் ஓடும் தறி

ஹஜ்ஜுப் பெருநாள் முற்பகலில், குர்பான் கொடுத்த ஆட்டின் தலை நம் வீட்டு முற்றத்துக்கு வந்து சேரும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் மண்டையைப் பக்குவமாகப் பிளந்து, உள்ளே இருப்பதை உடையாமல் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைப்பார். வெண்மையும் மெல்லிய சிவப்பும் கலந்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற, அழுத்தித் தொட்டால் குழைந்துவிடுகிற அந்தப் பொருளை நாம் கழுவுகிறோம், மஞ்சள் தடவுகிறோம், மிளகு போட்டுப் பொரிக்கிறோம். "கடைசிப் பிள்ளைக்குக் குடுங்க, மூளை வளரும்" என்று மூத்தம்மா சொல்ல, அது சின்னவனின் சோற்றோடு பிசையப்பட்டுவிடுகிறது. அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் மடிப்புகளை, அந்த மடிப்புகளின் பள்ளங்களில் தலைமயிரைவிட மெல்லியதாகப் பின்னிக் கிடக்கும் குருதிக்குழாய்களை, ஒரு கணம் நின்று பார்க்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

நின்று பார்ப்போம். இரு பாதிகளாகப் பிரிந்த மூளையம். அதன் பின்னே, அடிப்பக்கத்தில், நெருக்கமான வரிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மூளி. அதற்கும் கீழே முதுகெலும்புக்குள் இறங்கிப்போகும் தண்டு. இதே பாகங்கள், இதே ஒழுங்கில், அதைக் கழுவிக்கொண்டிருக்கும் உம்மாவின் தலைக்குள்ளும் இருக்கின்றன. மூளையத்தைப் போர்த்தியிருக்கும் மேற்பட்டையை மெல்லச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், ஆட்டிலும் எலியிலும் மனிதரிலும் கலங்கள் படை படையாக, பெரும்பாலும் ஆறு படைகளாக, அடுக்கி நிற்பதைக் காணலாம். நேற்று மாலை வரை அந்த ஆடு, தனக்குக் குழை ஒடித்து வரும் பிள்ளையின் காலடியை மற்றக் காலடிகளிலிருந்து பிரித்தறிந்தது. மழைக்கு முந்திய காற்றில் கொட்டிலின் மூலைக்கு ஒதுங்கியது. பசித்தது, பயந்தது, பழகியது. அத்தனையும் இந்தக் கைப்பிடி ஈரத்துக்குள் நடந்து முடிந்தன.

நம் கரையில் இப்படி எத்தனை மூளைகள்! கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறைக் கண்டு நாம் கால்களைத் தூக்கிக்கொள்கிறோம். அதன் குடும்பத்திலே மிகச் சிறியதான எட்ருஸ்கன் மூஞ்சூறின் முழு உடலும் ஏறத்தாழ 2 கிராம்தான். அதன் மூளை ஒரு கிராமின் பத்திலொரு பங்குகூட வராது. அந்தத் துளிக்குள்ளும் மேற்பட்டை இருக்கிறது, மூளி இருக்கிறது, இரை தேடும் திட்டம் இருக்கிறது, குட்டிகளின் மணம் இருக்கிறது. மஃரிபு நேரத்தில் பள்ளிவாசல் மினாராவைச் சுற்றும் வௌவால், தன் குரலின் எதிரொலியை வைத்தே இருளில் பூச்சியைப் பிடிக்கிறது. வலைக்குப் போகிறவர்களின் தோணிக்கு முன்னே ஓங்கில்கள் துள்ளுகின்றன. இன்னும் வடக்கே, திருகோணமலைக்கு அப்பால் ஆழ்கடலில் வந்துபோகும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூளை ஏறத்தாழ 8 கிலோகிராம். உலகில் வாழும் எந்த உயிருக்கும் அதைவிடப் பெரிய மூளை இல்லை. மூஞ்சூறின் துளிக்கும் திமிங்கிலத்தின் பாரத்துக்கும் இடையே ஓர் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட தூரம் கிடக்கிறது. வரைபடமோ ஒன்றுதான். பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் எல்லா உயிர்களுக்கும், நமக்கும், அந்த ஒரே வரைபடம்.

ஒரு வரைபடத்திலிருந்து இத்தனை வேறுபாடு எப்படி எழுந்தது? எலும்பு கல்லாக உறைந்து மண்ணுக்குள் காத்திருக்கும்; மூளை அப்படிக் காத்திருப்பதில்லை. இறந்த உடலில் விரைவாகக் கரைபவற்றுள் அதுவும் ஒன்று. பழைய மண்டையோடுகளின் உட்சுவரில் அது விட்டுப்போன அச்சு மட்டுமே மிஞ்சும். அளவைச் சொல்லும், உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. அதனால் அறிவியலாளர்கள் இன்று வாழும் உயிர்களின் மூளைத் துணுக்குகளிடமே கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி எளியது: இந்தக் கலத்தில், இந்த நேரத்தில், எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவ்வளவு?

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரே டி.என்.ஏ. நூல் சுருண்டு கிடக்கிறது. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000. ஈரல் கலத்திலும் அவைதான், கண்ணின் கலத்திலும் அவைதான், நினைவைச் சேமிக்கும் நரம்புக்கலத்திலும் அவைதான். மருதமுனையில் சாரம் நெய்யும் தறியின் அருகே நின்றவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பாவு நூல்கள் அத்தனையும் ஏற்கெனவே தறியில் ஏற்றப்பட்டுவிட்டன. நெசவாளர் மிதியை அழுத்தும்போது சில நூல்கள் எழும்புகின்றன, சில தாழ்ந்து கிடக்கின்றன, இடையே நாடா ஓடுகிறது. எது எழும்பியது, எப்போது எழும்பியது, எத்தனை தடவை எழும்பியது என்பதில்தான் கோடும் கட்டமும் கரையும் பிறக்கின்றன. ஒரே பாவிலிருந்து வெவ்வேறு துணி. கலத்துக்குள் எழும்பும் நூலின் அடையாளம் ஆர்.என்.ஏ. என்ற குறுகிய பிரதி. ஒரு மரபணு விழித்து வேலை செய்தால் அதன் பிரதிகள் கலத்துக்குள் நிறையும். உறங்கினால் பிரதி இராது. அந்தப் பிரதிகளை எண்ணிவிட்டால், தறியில் அந்த நேரத்தில் எந்த நூல்கள் மேலே நின்றன என்று தெரிந்துவிடும். மரபணு வெளிப்பாடு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

எண்ணுவது சிறிய காரியமன்று. ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும், மூளைத் துணுக்கை உடனே கடுங்குளிரில் உறைய வைக்க வேண்டும். பிறகு பிரதிகளைப் பிரித்தெடுத்து, உறுதியான டி.என்.ஏ. வடிவத்துக்கு மாற்றி, எழுத்தெழுத்தாக வாசித்து, எந்த வாசகம் எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு துணுக்கை முழுவதுமாக அரைத்துத்தான் எண்ண முடிந்தது. இலட்சக்கணக்கான கலங்களின் குரல்கள் ஒன்றாகக் கலந்து கேட்கும். இப்போது ஒவ்வொரு கலத்தையும், அல்லது அதன் கருவை, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவத் துளிக்குள் தனியே அடைத்து, அதற்கென ஓர் அடையாளம் இட்டு, ஒவ்வொன்றின் குரலையும் தனித்தனியே கேட்கிறார்கள். 2023இல் வெளியான எலி மூளையின் முழுப் பட்டியலில், ஒன்றோடொன்று வேறுபடும் கலக் கூட்டங்கள் ஐயாயிரத்துக்கும் அதிகமாக இருந்தன. நம் களஞ்சியத்தில் அரிசி தின்னும் எலிக்குள் ஐயாயிரம் வகைக் கலங்கள், ஒவ்வொன்றும் தன் வேலையை அறிந்து, தன் அயலாரை அறிந்து, ஒன்றின் இடத்தை மற்றது பறிக்காமல்.

இந்தத் தேடலின் விதை 1975இல் விழுந்தது. மேரி கிளேர் கிங், ஆலன் வில்சன் என்ற இருவர் அமெரிக்காவில் மனிதரின் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வியந்தார்கள். அவை ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒத்திருந்தன. பொருட்கள் இவ்வளவு ஒன்றாக இருந்தும் உயிர்கள் இவ்வளவு வேறாக இருக்குமானால், வேறுபாடு பொருளில் இல்லை, அதை எப்போது, எங்கே, எவ்வளவு எடுத்தாள்வது என்ற கட்டளையில்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். அன்று அதைச் சோதிக்கக் கருவி இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2011இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹென்ரிக் கேஸ்மனின் குழு அந்தக் கேள்வியை விரித்துக் கேட்டது. மனிதர், சிம்பன்சி, பொனபோ, கொரில்லா, ஒராங்குட்டான், ரீசஸ் குரங்கு, எலி, பைக்குள் குட்டி வளர்ப்பவற்றின் உறவான ஒப்போசம், முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸ், ஒப்பிடுவதற்குக் கோழி. மேற்பட்டை, மூளி, இதயம், சிறுநீரகம், ஈரல், ஆண் விதை என்று ஆறு உறுப்புகள்.

அந்த எண்களின் மேல் எனக்குள்ள வியப்பு இன்றுவரை அடங்கவில்லை. வெறும் ஆர்.என்.ஏ. எண்ணிக்கையை மட்டும் வைத்து உறவு மரம் வரைந்தபோது, எலும்பையும் டி.என்.ஏ.யையும் வைத்து வரைந்த அதே மரம் பெரும்பாலும் அப்படியே எழுந்து வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஆண் விதையில் மரபணுக்களின் வேலை தலைமுறை தலைமுறையாக வேகமாக மாறிக்கொண்டு வந்திருக்கிறது. நரம்புத் திசுவிலோ மாற்றம் மிக மெதுவாக நடந்திருக்கிறது. மனிதரை மற்ற உயிர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது மூளை என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த மூளைதான் எல்லா உறுப்புகளிலும் மிகுந்த பொறுமையோடு, மிகுந்த கட்டுப்பாட்டோடு மாறியிருக்கிறது. காரணத்தை ஊகிக்கலாம். ஒரு நரம்புக்கலம் ஆயிரக்கணக்கான மற்றக் கலங்களோடு கைகோத்து நிற்கிறது. ஓரிடத்தில் அளவு தவறினால் அந்தத் தவறு எங்கெல்லாமோ போய் எதிரொலிக்கும். அதனால் இங்கே எந்தப் புதுமையும் நெடுங்காலச் சோதனையைத் தாண்டித்தான் இடம்பிடிக்கிறது.

கூர்ப்பு என்ற சொல் வரும்போது நம் ஊர்களில் சிலருடைய முகம் மாறுவதை நான் அறிவேன். அவர்களுடைய தயக்கத்தை மதிக்கிறேன். எண்ணிக்கைகள் காட்டும் நெருக்கம் எண்ணிக்கைகளில் இருக்கிறது. அதை மறைக்க எவருக்கும் தேவையில்லை, அதைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த அல்ஜாஹிள், 'கிதாபுல் ஹயவான்' என்ற தன் பெருநூலை விலங்குகளுக்காகவே எழுதினார். நாயையும் சேவலையும் ஈயையும் கொசுவையும், அறிஞர் சபைக்குரிய பொருள்களாக எடுத்து வைத்தார். சிறிய உயிர் பெரிய உயிரைவிடக் குறைந்த அத்தாட்சி என்று அவர் நினைக்கவில்லை. அந்த மரபில் வந்தவர்கள் நாம். ஆர்.என்.ஏ. பிரதிகளை எண்ணுகிற வேலையும் ஒருவகை உற்றுநோக்கல்தான் என்று நான் நம்புகிறேன். றப்பின் படைப்பில் எதையும் அலட்சியமாகக் கடந்துபோகாதிருக்கும் பழக்கம் அது.

நுட்பத்தின் எல்லையைக் காட்டும் ஓர் இடத்துக்கு வருவோம். நம் மரபுத்தொகுதி ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்துகள் நீளமானது. 2006இல் கலிபோர்னியாவில் கேத்தரின் பொலார்டும் அவருடைய தோழர்களும், மற்ற உயிர்களில் மாறாமலே நின்று மனிதரில் மட்டும் திடீரென மாறிய துண்டுகளைக் கணினியால் தேடினார்கள். பட்டியலின் முதலிடத்தில் வெறும் 118 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருந்தது. கோழியும் சிம்பன்சியும் தம் பொது மூதாதையிலிருந்து பிரிந்து 300 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. அத்தனை நெடிய காலத்தில் இந்தத் துண்டில் அவற்றுக்கிடையே விழுந்த வேறுபாடு இரண்டே எழுத்துகள். பெருங்கடல்கள் திறந்தன, மலைகள் எழுந்தன, டைனோசர்கள் வந்து போயின. இந்தத் துண்டு அசையவில்லை. சிம்பன்சியின் வழியிலிருந்து மனிதரின் வழி பிரிந்த சில மில்லியன் ஆண்டுகளில் மட்டும் அதில் 18 எழுத்துகள் மாறின.

அந்தத் துண்டு எங்கே விழிக்கிறது என்று பார்த்தார்கள். கருவின் ஏழாவது வாரத்திலிருந்து பத்தொன்பதாவது வாரம் வரை, உருவாகிக்கொண்டிருக்கும் மேற்பட்டையின் மேல்விளிம்பில் நிற்கும் சில கலங்களில் அது வேலை செய்கிறது. பிந்திப் பிறந்து உள்ளிருந்து ஏறிவரும் நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றும் தன் படையில் போய்ச் சேர வழிகாட்டுபவை அந்தக் கலங்கள். வேலை முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. நாம் எவரும் அவற்றைக் கண்டதில்லை, நன்றி சொன்னதில்லை. உம்மாவுக்கே தான் கர்ப்பம் என்று அப்போதுதான் நிச்சயமாகியிருக்கும். அந்த இருட்டில், ஒரு துண்டு விழித்து, தன் பங்கைச் செய்து, அடங்கிப்போயிருக்கிறது. அந்த 18 எழுத்துகள்தாம் நம்மை மனிதராக்கின என்று சொல்வது மிகையாகும். மூளையின் கட்டளைகளில் நூற்றுக்கணக்கான இடங்கள் இப்படிச் சிறிது சிறிதாக மாறியிருக்கின்றன. ஆனாலும் மூன்று பில்லியனுக்குள் நூற்றுப் பதினெட்டு என்ற அளவில், இவ்வளவு பெரிய விளைவின் பக்கத்தில் இவ்வளவு சிறிய ஒன்று நிற்பதைக் காணும்போது தலை தானாகத் தாழ்கிறது.

கருவில் தொடங்குவது கருவோடு முடிவதில்லை. 2019இல் அதே கேஸ்மனின் குழு, அப்போது ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் இருந்துகொண்டு, கரு நிலையிலிருந்து முதிர்ந்த வயது வரை உறுப்புகள் வளரும் பாதையை ஒப்பிட்டது: மனிதர், ரீசஸ் குரங்கு, சுண்டெலி, அதைவிடப் பெரிய எலி, முயல், ஒப்போசம், கோழி. தொடக்கக் கருவில் அவை ஒன்றையொன்று மிகவும் ஒத்திருந்தன. நாள் செல்லச் செல்ல ஒவ்வொன்றும் தன் வழியில் விலகிப்போனது. ஒரே வாசலிலிருந்து புறப்பட்டு, ஒன்று வளைக்குள், ஒன்று மரத்துக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு.

மனிதரின் வழியில் மிகுந்த வியப்பைத் தருவது காலம். 2012இல் சாங்காயிலும் லைப்சிக்கிலும் பிலிப் கைத்தோவிச்சின் குழு, மனிதர், சிம்பன்சி, ரீசஸ் குரங்கு ஆகியோரின் முன்மூளை மேற்பட்டையில், நரம்புக்கலங்களுக்கிடையே இணைப்புகளைக் கட்டும் மரபணுக்களை வயதுவாரியாக எண்ணியது. குரங்கிலும் சிம்பன்சியிலும் அந்த வேலை பிறந்து ஓராண்டுக்குள் உச்சம் தொட்டுத் தாழ்கிறது. மனிதப் பிள்ளையிலோ அது ஏறிக்கொண்டே போய் ஐந்து வயதளவில்தான் உச்சம் தொடுகிறது. மரபணுக்கள் ஒன்றே, அவை எழும்பி நிற்கும் காலம் மட்டும் நீண்டிருக்கிறது.

நம் வீடுகளில் அந்த ஐந்து ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்று எண்ணிப்பாருங்கள். மூத்தம்மாவின் மடியில் தாலாட்டு. வாப்பாவின் தோளில் ஏறிக் கடற்கரைக்குப் போய் வாடியில் வலை இழுப்பதைப் பார்ப்பது. ராத்தாவின் கைபிடித்து ஓதப்பள்ளிக்குப் போய், அலிப், பே என்று இழுத்து இழுத்துச் சொல்வது. நாம் இவற்றை நேரம் போக்கும் வேலைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் அந்தச் சிறு தலைக்குள் இணைப்புகள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன, சில பலப்படுகின்றன, பயன்படாதவை பின்னர் விலக்கப்படுகின்றன. அந்தக் குரங்கின் குட்டியோ சிம்பன்சிக் குட்டியோ இவ்வளவு காலம் இவ்வளவு திறந்த மூளையோடு உலகத்தின் கையில் ஒப்படைக்கப்படுவதில்லை. திறந்திருப்பதால் அது மொழியைக் குடிக்கிறது, பாசத்தைக் குடிக்கிறது. அதே வாசலால் அதட்டலும் அடியும் பசியும் உள்ளே போகின்றன. ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து "உனக்கு மூளை இல்லையா?" என்று கோபத்தில் கேட்கும்போது, அந்த மூளை நம் குரலையும் சேர்த்து வைத்துத்தான் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

மாற்றம் முன்னோக்கியே போக வேண்டும் என்று விதியும் இல்லை. ஐரோப்பாவில் வாழும் பொது மூஞ்சூறு குளிர்காலம் நெருங்கும்போது தன் மண்டையோட்டையும் மூளையையும் சுருக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வரை மண்டையின் உயரம் குறைந்து, வசந்தத்தில் மறுபடி வளர்கிறது. போலந்து விலங்கியலாளர் ஆகஸ்ட் டேனெல் 1949இல் எழுதிவைத்த இந்தச் செய்தியை, இன்று பருவத்துக்குப் பருவம் அந்த மூளையின் மரபணு வெளிப்பாட்டை எண்ணியும், மற்ற முலையூட்டிகளோடு ஒப்பிட்டும் விளங்கிக்கொள்ள முயல்கிறார்கள். உணவு குறையும் காலத்தில் மூளை என்ற செலவாளியைக் குறைத்து உயிரைக் காத்துக்கொள்ளும் அந்தச் சிற்றுயிரின் சிக்கனத்தை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்கிறேன்.

பெரிய உயிரிடம் வருவோம். 2014இல் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசெலின் குழு ஓர் ஆப்பிரிக்க யானையின் மூளையில் நரம்புக்கலங்களை எண்ணியது. மொத்தம் 257 பில்லியன். மனிதருக்கு ஏறத்தாழ 86 பில்லியன். மூன்று மடங்கு! ஆனால் யானையின் கலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்டவை மூளியில் இருக்கின்றன, மேற்பட்டையில் 5.6 பில்லியன் மட்டுமே, நமக்கோ அங்கே 16 பில்லியன். மரத்தைப் பிடுங்கவும் நிலக்கடலை ஒன்றைப் பொறுக்கவும் வல்ல தும்பிக்கையை ஆள்வதற்குத்தான் அந்தப் பெரிய மூளி என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். மூளியும் சாதாரண உறுப்பன்று. ஹைடல்பேர்க் குழு மனிதர், எலி, ஒப்போசம் ஆகியோரின் வளரும் மூளியில் கலம் கலமாக எண்ணி, அதன் பெருங்கலங்களான பேர்கிஞ்சிக் கலங்களின் பங்கு மனிதக் கருவின் தொடக்க நாட்களில் மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதைக் கண்டது. அசைவை ஆள்வது என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த பாகம், சிந்தனைக்கும் துணை நிற்கிறது என்பது இப்போது தெளிந்து வருகிறது.

அத்தகைய ஒரு பெரிய மூளையைச் சுமந்துகொண்டுதான் நம் நாட்டு யானையும் நம் மாவட்டத்துக்குள் நடக்கிறது. சம்மாந்துறை வயலுக்கு வருகிறது, ஒலுவில் பக்கம் வருகிறது. பள்ளக்காட்டுக்கும் வருகிறது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே பிளாஸ்டிக்கை விழுங்கி இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உடல்களைப் பரிசோதித்தபோது வயிற்றில் கிடந்தவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும். நாம் கடையில் வாங்கிய சோற்றின் மணம் ஏறிய சொப்பிங் பைகள் அவை. கோடிக்கணக்கான நரம்புக்கலங்களை ஒழுங்குபடுத்தி, இருபத்திரண்டு மாதம் வயிற்றில் சுமந்து, ஆண்டுக்கணக்கில் பாலூட்டி ஆளாக்கிய ஓர் உயிரை, கறிக் குழம்பு வழியாமலிருக்க நாம் முடிச்சிட்ட ஒரு பை முடித்துவிடுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு வேறு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. பையைக் குறைக்கலாம். கழுவிப் பிரித்துக் கொடுக்கலாம். பிரதேச சபையிடம் அந்தக் குப்பை மேட்டுக்கு வேலி கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

தமிழ் வழங்கும் இன்னொரு கரையிலும் இந்தத் தேடல் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில், பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசத்தின் தலைமையில், 'தரணி' என்ற பெயரில் மனிதக் கரு மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பு 2024 டிசம்பரில் வெளியானது. பதினான்காவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரம் வரையிலான ஐந்து மூளைகள். மயிரிழையிலும் மெல்லியதாகச் சீவிப் படமெடுத்த 5,132 துண்டங்கள். ஒவ்வொரு துண்டத்திலும் கலம் கலமாகக் கண்டு நடக்கலாம். நூற்றிருபதாம் நாளில் கருவுக்கு உயிர் ஊதப்படுகிறது என்று நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நாளுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமான மூளைகள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு மூளைக்குப் பின்னும், பிள்ளையை இழந்த துயரத்தின் நடுவிலும் சம்மதம் கொடுத்த ஒரு பெற்றோர் இருக்கிறார்கள். கலங்கள் எங்கே நிற்கின்றன என்று இந்தப் படங்கள் சொல்லும். அந்தக் கலங்களில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று ஆர்.என்.ஏ. எண்ணிக்கை சொல்லும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கருவின் மூளை எப்படி எழும்புகிறது என்பது முழுதாகத் தெரியும்.

தரணியின் படங்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. லோசானிலும் ஹைடல்பேர்க்கிலும் எண்ணிய எண்களும் அப்படியே. சம்மாந்துறையில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவி ஒருத்தி, தன் மடிக்கணினியில் இன்றிரவே அவற்றை இறக்கிக்கொள்ளலாம். நம் தீவுக்கே உரிய குரங்கும், தேவாங்கும், இங்குள்ள மூஞ்சூறுகளும் அவள் வீட்டைச் சுற்றியுள்ள காட்டிலும் சுவரிலும்தான் இருக்கின்றன. அந்த 118 எழுத்துகளிலிருந்து அவள் தொடங்கலாம். மனிதர், சிம்பன்சி, எலி, கோழி என்று நான்கு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எந்தெந்த எழுத்து மாறியிருக்கிறது என்று குறித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.